நிலக்கரியில் மழைக்காட்டைக் கண்டறிந்த மெல்பர்ன் விஞ்ஞானி

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்குக் கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லாட்ரோப் பள்ளத்தாக்கு, நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரி வெட்டியெடுக்கப்பட்டு, அங்கேயே மின்சாரம் தயாரிக்கப்படும் பகுதி. 1920களிலிருந்து விக்டோரியா மாநிலத்திற்கு மின்சாரம் தந்துவரும் அந்தக் கரியை, மறைந்துபோன ஒரு காட்டின் ஆவணமாக ஆராய்ந்தவர் இசபெல் குக்சன்.

1893ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி மெல்பர்னின் ஹாதர்ன் பகுதியில் பிறந்த இவர், 1916இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1920களில் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரில் வில்லியம் லேங் என்ற தாவரவியலாளரிடம் ஆய்வு செய்தார். 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட தொல் தாவரம் ஒன்றுக்கு லேங் 1937இல் குக்சோனியா என்று பெயரிட்டார். தாவரவியல் மாணவர்கள் பலருக்கும் பழக்கமான இந்தச் சொல் ஒரு பெண்ணின் பெயர் என்பதை அறிந்தவர்கள் குறைவாகவே இருக்கக்கூடும்.

1940களில் அவரது கவனம் மகரந்தத் துகள்களின் பக்கம் திரும்பியது. பழுப்பு நிலக்கரி என்பது, சதுப்பு நிலத்தில் மட்கிக் குவிந்த தாவரங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அழுந்தி உருவானது. இலையும் மரமும் உருத்தெரியாமல் போனாலும், காற்றில்லாத சேற்றில் புதைந்த மகரந்தத்தின் வெளியுறை அழிவதில்லை. அமிலங்களும் அதை எளிதில் கரைப்பதில்லை. எனவே கரியை இரசாயனங்களால் கரைத்து, எஞ்சும் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தால், எந்த மரங்கள் அங்கு வளர்ந்தன என்பதை அறியலாம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவே உள்ள துகள்களை இனம் பிரிப்பது பெரும் பொறுமையைக் கோரும் வேலை.

அதில் குக்சன் கண்டது வியப்பிற்குரியது. யூகலிப்டஸ் மரங்களின் நாடாக அறியப்படும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில், நோத்தோஃபேகஸ் எனப்படும் தென்னுலக பீச் மரங்கள் ஒரு காலத்தில் செழித்திருந்தன. அவற்றுள் ஒரு பிரிவு இன்று ஆஸ்திரேலியாவில் அறவே இல்லை. நியூகினியிலும் நியூ கலிடோனியாவிலும் மட்டுமே வாழ்கிறது. நியூகினி மரங்களின் மகரந்தத்தோடு ஒப்பிட்டு இந்த உறவை அவர் நிலைநாட்ட உதவினார். இன்று வறண்ட கண்டம் எனப்படும் நிலப்பரப்பில் ஈரமான மழைக்காடுகள் இருந்தன என்பதற்கும், அந்த மரங்கள் தென்பகுதி நிலப்பரப்புகளில் எவ்வாறு பரவின என்ற விவாதத்திற்கும் இது முக்கியச் சான்றாக அமைந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தை அறிஞர்கள் பலர் ஏற்காதிருந்த காலம் அது.

1949இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் அவரது தலைமையில் மகரந்த ஆய்வுப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. ஆனால் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1959இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஆய்வை நிறுத்தவில்லை. ஜெர்மானியரான ஆல்ஃபிரட் ஐசனாக்குடன் இணைந்து, கடற்படிவுகளில் உள்ள நுண்ணுயிர்ப் படிவங்களை விவரித்தார். பாறை அடுக்குகளின் வயதைக் கணிக்க உதவும் இத்தகைய ஆய்வுகள் எண்ணெய் தேடும் நிறுவனங்களுக்கும் பயன்பட்டன.

1973 ஜூலை 1ஆம் தேதி அவர் காலமானார். அமெரிக்கத் தாவரவியல் சங்கத்தின் தொல் தாவரவியல் பிரிவு, 1976 முதல் அவரது பெயரில் மாணவர் ஆய்வுகளுக்கு விருது வழங்கி வருகிறது. லாட்ரோப் பள்ளத்தாக்கின் ஹேஸல்வுட் சுரங்கம் 2014இல் ஒரு மாதத்திற்கும் மேலாகத் தீப்பற்றி எரிந்தது; அதன் மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதற்குள் அந்தக் காட்டின் ஒரு பகுதி, மகரந்தத்தோடு சேர்ந்து, சாம்பலாகியிருந்தது.