மக்காச்சோளப் புள்ளியில் கண்டது மூளைக்குள்ளும் தாவுகிறதா? யார் இந்த பார்பரா மெக்ளின்டாக்?

ஊதா, மஞ்சள், வெள்ளை எனக் கலர் கலராக முத்துகள் கொண்ட மக்காச்சோளக் கதிரை இன்ஸ்டாவிலாவது பார்த்திருப்பீர்கள். அதில் சில முத்துகளை உற்றுப் பார்த்தால், வெளிர் நிறத்தின் மேல் ஊதாப் புள்ளிகள் தெறித்த மாதிரி இருக்கும். அந்தப் புள்ளி எப்படி வருகிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு 1940-களில் வருடக்கணக்கில் வயலிலும் மைக்ராஸ்கோப் முன்னாலும் இருந்தவர்தான் பார்பரா மெக்ளின்டாக்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 1902 ஜூன் 16 அன்று பிறந்தவர். பள்ளி முடித்ததும் காலேஜ் போகணும் என்றபோது அம்மா சம்மதிக்கவில்லை. ரொம்பப் படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம். (அந்த ஊரிலும் இதே கதைதான்!) போருக்கு ராணுவ டாக்டராகப் போயிருந்த அப்பா திரும்பி வந்து மகள் பக்கம் நிற்க, 1919-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1927-ல் தாவரவியலில் பிஎச்.டி. கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1931-ல் ஹேரியட் கிரைட்டனுடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்பதற்கு நேரடி ஆதாரம் அது. அது ஒன்றே பெயர் நிலைக்கப் போதும். வேலைதான் நிலைக்கவில்லை. மிசௌரி பல்கலைக்கழகத்தில் இனி எதிர்காலம் இல்லை என்று தோன்ற, 1941-ல் அதை விட்டுவிட்டு நியூயார்க் மாகாணத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்துக்கு வந்தார். மிச்ச வாழ்க்கை அங்கேதான்.

புள்ளிக்குள் என்ன இருந்தது?

அன்றைய பாடம் சிம்பிள். நூலில் கோத்த மணிகள் மாதிரி மரபணுக்கள் குரோமோசோமில் அதனதன் இடத்தில் இருக்கும், அசையாது. மெக்ளின்டாக் கண்டது வேறு. ஊதா நிறம் தரும் மரபணுவுக்குள் ‘டிசோசியேட்டர்’ என்ற ஒரு துண்டு வந்து உட்கார்ந்தால் நிறம் ஆஃப். முத்து வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு எழுந்து வேறு இடத்துக்குத் தாவிவிட்டால், அந்த செல்லுக்கும் அதிலிருந்து பிரியும் செல்களுக்கும் நிறம் திரும்பிவிடும். அதுதான் புள்ளி! சீக்கிரம் தாவினால் பெரிய புள்ளி, லேட்டாகத் தாவினால் சின்னது. ஆனால் டிசோசியேட்டர் தானாகத் தாவாது. ‘ஆக்டிவேட்டர்’ என்ற இன்னொரு துண்டும் அதே செல்லில் இருந்தாக வேண்டும்.

டிஎன்ஏ-வின் வடிவமே தெரியாத காலம் அது. முத்தின் நிறத்தையும் குரோமோசோமின் தோற்றத்தையும் மட்டும் வைத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டார்.

1951-ல் ஒரு பெரிய கருத்தரங்கில் இதை விளக்கினார். கேட்ட பலருக்குப் பிடிபடவில்லை. 1953-க்குப் பிறகு இந்த ஆய்வு பற்றி ஜர்னல்களில் எழுதுவதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டார்.

பெண் என்பதால் யாரும் நம்பவில்லை, 30 வருடம் கழித்து உலகம் திருந்தியது என்று இணையத்தில் சுற்றும் கதை பாதிதான் உண்மை. 1944-லேயே அவர் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி உறுப்பினர். 1945-ல் அமெரிக்க மரபியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர். மக்காச்சோளத்தில் தாவல் நடக்கிறது என்பதைத் துறையினர் பலர் ஏற்கவே செய்தார்கள். அவர்கள் ஏற்காதது அவருடைய அடுத்த படியை. இந்தத் துண்டுகள்தான் மற்ற மரபணுக்களை ஆன்-ஆஃப் செய்கின்றன, அப்படித்தான் ஒரே மரபணுத் தொகுப்பிலிருந்து இலையும் வேரும் தனித்தனியாக உருவாகின்றன என்றார். அவருக்கு முக்கியமே அதுதான்.

1960-களின் கடைசியில் பாக்டீரியாவிலும், பிறகு பழ ஈயிலும் தாவும் துண்டுகள் கிடைத்தன. 1983-ல், 81 வயதில், மருத்துவ நோபல். அந்தப் பிரிவில் யாருடனும் பகிராமல் நோபல் வென்ற ஒரே பெண் இன்றுவரை அவர்தான். வீட்டில் போன் கிடையாது, ரேடியோ கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். கவனிக்க: பரிசு தாவலுக்குத்தான், கோட்பாட்டுக்கு அல்ல. 1992 செப்டம்பர் 2 அன்று, 90 வயதில் காலமானார்.

வயலிலிருந்து மூளைக்கு

தாவர ஆய்வில் அவர் கண்டது ஒரு கருவியாகவே மாறிவிட்டது. தாவும் துண்டு எந்த மரபணுவுக்குள் உட்கார்கிறதோ அது கெட்டுப்போகும். செடியில் என்ன குறை வந்தது என்று பார்த்தால் அந்த மரபணுவின் வேலை தெரிந்துவிடும். புகையிலையைத் தேமல் வைரஸிடமிருந்து காக்கும் மரபணு 1994-ல் இப்படித்தான் பிடிபட்டது. பள்ளிப் பாடத்தில் மெண்டலின் சுருங்கிய பட்டாணி ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சுருக்கத்துக்கும் காரணம் ஒரு தாவும் துண்டுதான் என்று 1990-ல் தெரியவந்தது.

சரி, மனிதர்கள்? 2001-ல் மனித மரபணுத் தொகுப்பின் வரைவு வெளியானபோது, அதில் சுமார் 45 சதவீதம் இந்த மாதிரித் துண்டுகளின் மிச்சம் என்று தெரிந்தது. பெரும்பாலானவை செயலிழந்தவை. ‘எல்-1’ என்ற வகையில் சில மட்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மக்காச்சோளத் துண்டுகள் செய்வது கட்-பேஸ்ட் என்றால், எல்-1 செய்வது காப்பி-பேஸ்ட்.

2005-ல் அமெரிக்காவின் சால்க் ஆய்வகக் குழு, நியூரானாக மாறப்போகும் செல்களில் எல்-1 தாவுவதைக் காட்டியது. அப்படியானால் ஒரே மூளையில் இரண்டு நியூரான்களின் டிஎன்ஏ-கூட அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டியதில்லை! எவ்வளவு அடிக்கடி தாவுகிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஒரு குழுவின் கணக்கில் ஒரு நியூரானுக்குப் பத்துக்கும் மேல், இன்னொரு குழுவின் கணக்கில் ஒன்றுக்கும் குறைவு. இதனால் மூளைக்கு ஏதாவது பயன் உண்டா என்பதும் முடிவாகவில்லை. மெக்ளின்டாக்கின் பழைய கேள்விதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் பதில் தெளிவு. ‘ஆர்க்’ என்ற மரபணு பழைய தாவும் துண்டு ஒன்றின் வழி வந்தது. இப்போது தாவுவதில்லை, மூளையில் நிரந்தர வேலை பார்க்கிறது. அதன் புரதம் வைரஸ் கூடு போல ஒன்றுசேர்ந்து, ஆர்என்ஏ-வைச் சுமந்துகொண்டு ஒரு நியூரானிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்று 2018-ல் சுண்டெலி ஆய்வு காட்டியது. ஆர்க் இல்லாத சுண்டெலிகள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும், ஆனால் கற்றது நாளடைவில் நிற்காது.