ஆறு சுழியங்களும் கூலோமும்

ஆறாம் படிவத்தில் படித்தபோது, ஒரு சோதனையில் நான் எழுதிய விடை இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு மீட்டர் இடைவெளியில் தலா 1 மைக்ரோகூலோம் கொண்ட இரண்டு மின்னூட்டங்கள். அவற்றிடையே உள்ள விசை எவ்வளவு? நான் மைக்ரோவைக் கவனிக்காமல் 9 பில்லியன் நியூட்டன் என்று எழுதினேன். சரியான விடை 0.009 நியூட்டன். ஏறக்குறைய ஒரு கிராம் பொருளின் எடை! மைக்ரோ என்றால் மில்லியனில் ஒரு பங்கு. இரண்டு மின்னூட்டங்களிலும் அதை விட்டதால் பிழை ஒரு டிரில்லியன் மடங்காகப் பெருகியது. தமிழ்ப்பள்ளியில் மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றி முழு மதிப்பெண் வாங்கிய எனக்கு அன்று பெருத்த அவமானம்.

யார் இந்தக் கூலோம் என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

சார்ல்ஸ் அகஸ்டின் டி கூலோம் 1736-இல் பிரான்சின் அங்குலேம் நகரில் பிறந்தவர். இராணுவப் பொறியியலாளர். 1764-இல் மார்ட்டினிக் தீவுக்குக் கோட்டை கட்ட அனுப்பப்பட்டு, 1772-இல் உடல்நலம் கெட்டுத் தாயகம் திரும்பினார். ஆயினும் ஆராய்ச்சியை விடவில்லை.

1785-இல் மெல்லிய வெள்ளிக் கம்பியில் தொங்கும் முறுக்குத் தராசால் மின்விசையை அளந்தார். மின்னூட்டம் பெற்ற இரு நெட்டிப் பந்துகள் 36 பாகை விலகி நின்றன. அந்த இடைவெளியை 18 பாகையாகக் குறைக்க, கம்பியின் மொத்த முறுக்கு 144 பாகை ஆனது. தூரம் பாதியானால் விசை நான்கு மடங்காகும் என்பது இதனால் தெளிவானது. தமது விதியை அவர் விகிதமாகவே சொன்னார். மின்னூட்டத்திற்கு அப்போது அலகு இல்லை.

மெட்ரிக் முறையை உருவாக்கிய எடை அளவைக் குழுவிலும் அவர் இருந்தார். ஆனால், 1793 டிசம்பரில் புரட்சி அரசு அவரையும் லவோசியே, லப்லாஸ் போன்றோரையும் அக்குழுவிலிருந்து நீக்கியது. கூலோம் பாரிசை விட்டு புளுவா அருகே ஒதுங்கி வாழ்ந்தார். மறு ஆண்டு லவோசியேவின் தலை துண்டிக்கப்பட்டது. நிலைமை மாறிய பின் பாரிஸ் திரும்பிய கூலோம், 1806-இல் அங்கேயே காலமானார்.

அவர் இறந்து 75 ஆண்டுகள் கழித்து, 1881-இல் அதே பாரிசில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு மின்னூட்ட அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது. மெட்ரிக் குழுவிலிருந்து விலக்கப்பட்டவரின் பெயர் இன்று மெட்ரிக் அலகாகவே நிற்கிறது!

ஒரு கூலோம் என்பது 1,000 மில்லிகூலோம், 1,000,000 மைக்ரோகூலோம், 1,000,000,000 நேனோகூலோம். ஒவ்வொரு படிக்கும் மூன்று சுழியங்கள், அவ்வளவுதான். மெல்லிய கம்பியின் முறுக்கைப் பாகை பாகையாக எண்ணிப் பார்த்தவர் அவர். அவர் பெயர் தாங்கிய அலகில் ஆறு சுழியங்களை அலட்சியமாக விட்டவன் நான். இப்பொழுதெல்லாம் கணக்கைத் தொடங்குமுன் அலகை மாற்றி எழுதிவிட்டுத்தான் மறுவேலை. தம்பி தங்கைகளே, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.