நலம் என்னும் சொல்லும் மருத்துவர் மேரி வர்கீசின் வாழ்வும்

முன்னுரை

உடற்பிணி இறைநெறிக்கு வாயிலாதல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. சூலை நோயால் துன்புற்ற மருணீக்கியார் திருவதிகையில் பிணி நீங்கித் திருநாவுக்கரசரான வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. அங்கே நோய் தீர்கிறது. தீர்ந்த இடத்தில் பாட்டுப் பிறக்கிறது. நோய் தீராதபோது நம்பிக்கை எவ்வடிவம் கொள்ளும் என்னும் வினாவிற்கு விடை தரும் வாழ்வுகள் மிகச் சிலவே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீசின் (1925–1986) வாழ்வு அவற்றுள் ஒன்று. அவ்வாழ்வின் வழியாகக் குணம், நலம் ஆகிய இருசொற்களின் பொருள் வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேலூரும் அதன் மருத்துவப் பின்புலமும்

பாலாற்றின் கரையில் இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் நிலப்பகுதி தோல் பதனிடும் தொழிலால் அறியப்படுவது. சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறவைத்தல், மயிர் களைதல், ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்தல் என அத்தொழிலின் ஒவ்வொரு படியும் கையையும் காலையும் நம்பியிருந்தது. உழவும் கிணறு வெட்டலும் மரமேறலும் அவ்வாறே. இத்தகைய நிலத்தில் ஓர் உறுப்பின் இழப்பு குடும்பத்தின் உலைக்கு நேர்ந்த இழப்பாகவே முடிந்தது.

இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, 1902இல் மருத்துவமனையாகவும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது. கொல்லிமலையில் பிறந்து இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்ற பால் பிராண்டு 1946இல் இங்கு வந்து சேர்ந்தார். வட ஆர்க்காடு மாவட்டம் தொழுநோய் மிகுந்த பகுதியாக இருந்தமையால் அவர் கவனம் அந்நோயாளரின் கைகள்மீது படிந்தது. விரல்கள் நோயால் தாமே உதிர்வதில்லை. நரம்பு கெட்டு வலியுணர்வு அற்றமையால் தீப்புண்ணும் வெட்டுக்காயமும் அறியப்படாது பெருகி அவற்றை அழிக்கின்றன என்பதை அவர் ஆய்வு நிறுவியது. மடங்கி நின்ற விரல்களை, வலுவிழக்காத தசைநாண்களை இடம் மாற்றித் தைப்பதன் வழி அவர் நிமிர்த்தினார். யாக்கோபு சாண்டி 1949இல் தொடங்கிய நரம்பியல் துறையும் அங்கே செயற்பட்டு வந்தது. மேரி வர்கீசின் வாழ்வு திசைமாறிய காலத்தில் இவ்விரு துறைகளும் வேலூரில் வேரூன்றியிருந்தன.

இளமையும் விபத்தும்

கொச்சிக்கு அண்மையிலுள்ள செறாயி என்னும் ஊரில் கிறித்தவக் குடும்பமொன்றில் 1925இல் மேரி வர்கீஸ் பிறந்தார். எர்ணாகுளத்தில் கல்லூரிக் கல்வி முடித்தபின் வேலூரில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். மகளிர் மருத்துவத்தில் சிறப்புத் தகுதி பெறுவது அவர் நோக்கமாயிருந்தது.

1954 சனவரி 30ஆம் நாள் இளம் மருத்துவர்கள் சிலர் உலாச் சென்ற வண்டி கவிழ்ந்தது. அதில் பயணம் செய்த மேரிக்கு அப்போது அகவை இருபத்தெட்டு. முகத்தில் ஆழ்ந்த காயம் ஏற்பட்டு வடுவாக நிலைத்தது. தண்டுவடம் சிதைந்தமையால் இடுப்பிற்குக் கீழ் உணர்வும் அசைவும் அற்றுப்போயின. முதுகுத்தண்டு முறிந்தோரில் பெரும்பாலார் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரக நோயாலும் சில ஆண்டுகளுக்குள் மாண்டுபோவதே இரண்டாம் உலகப்போருக்கு முன்வரை உலகெங்கும் வழக்கமாயிருந்தது. 1944இல் இங்கிலாந்தில் இலுத்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சை முறையால் அந்நிலை மாறத் தொடங்கியிருந்தது. ஆயினும் அத்தகையோருக்கென உள்நோயாளர் மறுவாழ்வுத் துறை எதுவும் அன்று இந்தியாவில் இல்லை. மருத்துவர் என்னும் முறையில் தம் நிலையின் முழுப்பொருளையும் மேரி அறிந்திருந்தார் என்பது அவர் துன்பத்தை இரட்டிப்பாக்கியிருக்கும்.

கேட்டதும் பெற்றதும்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் சாட்சி எனப்படும் தன்வரலாற்றுக் கூற்றிற்கு ஒரு கட்டமைப்பு உண்டு. நோய், மருத்துவரின் கைவிரிப்பு, மன்றாட்டு, சுகம், நன்றியறிதல் என அது ஒழுங்குபட அமையும். உடல் தேறுவதே அக்கூற்றின் உச்சம். பழைய தமிழ் விவிலியம் ஆளும் சொஸ்தம் என்னும் சொல்லும் இப்பொருளிலேயே மக்கள் வழக்கில் பதிந்துள்ளது. கிரேக்க மூலத்திலோ நோய் நீங்குதலையும் மீட்பு அடைதலையும் ஒரே வினைச்சொல் குறிக்கும் இடங்கள் பல. தமிழில் அவை குணம் என்றும் இரட்சிப்பு என்றும் பிரிந்து நின்றமையால், உடல் தேறாதவர் நம்பிக்கையில் குறையுடையவரோ என்னும் ஐயத்திற்கு இடமேற்பட்டது.

மேரி வர்கீசின் வாழ்வு இக்கட்டமைப்புக்குள் அடங்குவதில்லை. அவரும் கால்களை வேண்டியே மன்றாடினார். கால்கள் மீளவில்லை. ஆனால் இறைவன் தம்மைக் கைவிட்டான் என்ற முடிவிற்கு அவர் செல்லவில்லை. கேட்டதைவிடப் பெரிதொன்று தமக்கு அருளப்பட்டதாகப் பின்னாளில் உணர்ந்தார். தூய பவுல் தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மும்முறை வேண்டியும் அது நீங்காமை விவிலியத்தில் பதிவாகியுள்ளது. மேரியின் நம்பிக்கைக்கு இணையான முன்மாதிரியை நற்செய்தி நூல்களின் அற்புதங்களைவிட அப்பகுதியிலேயே காண இயலும்.

இம்மாற்றம் வெறும் மனநிகழ்வாக நின்றுவிடவில்லை. கை அறுவை மருத்துவத்தை அமர்ந்தபடியே செய்ய இயலும் என்பதைச் சுட்டி, தொழுநோயாளர் பணிக்கு அவரை அழைத்தவர் பால் பிராண்டு. சக்கர நாற்காலியில் இருந்தவாறே மேரி அறுவைக் கூடத்திற்குள் நுழைந்தார். மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். கால்களில் உணர்வற்ற மருத்துவர் ஒருவர் கைகளில் உணர்வற்ற நோயாளர்க்குக் கைகளை மீட்டளித்த இக்காட்சியே அவர் வாழ்வின் மையம். ஊராலும் உறவாலும் விலக்கப்பட்டு வந்தோர், தம்மினும் மிகுந்த ஊனத்துடன் தம்முன் அமர்ந்திருந்த மருத்துவரைக் கண்டனர். நோயாளிக்கும் மருத்துவர்க்கும் இடையே வழக்கமாக நிலவும் உயரவேறுபாடு அங்கே இல்லை. அவர் வாழ்க்கையை டோரத்தி கிளார்க் வில்சன் 1963இல் நூலாக்கியபோது அதன் தலைப்பும் கைகளைக் குறிப்பதாகவே அமைந்தது.

மறுவாழ்வுத் துறையின் தோற்றம்

தாம் பெற்றதைத் தனியொருவரின் பேறாக மேரி நிறுத்திக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சை பெற்றுப் பிறர் துணையைக் குறைத்து வாழும் பயிற்சியை அடைந்தார். பின்னர் நியூயார்க்கில் ஓவர்டு ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் உடலியக்க மருத்துவமும் மறுவாழ்வும் பயின்றார். 1960களின் தொடக்கத்தில் நாடு திரும்பி வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் உள்நோயாளர்க்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முன்னோடி.

மரத்திலிருந்து விழுந்தோரும் கிணற்றில் தவறியோரும் சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்தோரும் அங்கு வந்தனர். குறித்த இடைவெளியில் உடலைப் புரட்டிப் படுக்கைப் புண்ணைத் தவிர்த்தல், சிறுநீர் வெளியேற்றத்தை முறைப்படுத்தல், தோள்வலிமையால் நாற்காலிக்கு மாறுதல், இருந்த இடத்திலேயே செய்யத்தக்க தொழிலைக் கற்றல் என அங்குக் கற்பிக்கப்பட்டவை யாவும் மேரி தம் உடலில் முதலில் பயின்றவை. நோயாளி நடப்பதைமட்டும் வெற்றியாகக் கொள்ளாமல் வீடு திரும்பி வாழ்வதை வெற்றியாகக் கொண்டது அத்துறை. இறையியல் நிலையில் மேரி கண்டறிந்த உண்மையின் மருத்துவ வடிவமே இது எனலாம்.

1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. விபத்திற்குப்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து 1986 டிசம்பரில் அவர் மறைந்தார்.

நால்வகை மருந்தும் ஒரு வாழ்வும்

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்வோர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கும். இந்நான்கும் வெவ்வேறு நிலைகள் என்பதே பொதுக்கருத்து. மேரி வர்கீசின் வாழ்வில் முதலிரண்டும் ஓருருவில் இணைந்தன. நோயுற்றவர் என்னும் நிலை நீங்கியபின் அவர் மருத்துவரானார் அல்லர். அந்நிலையில் இருந்துகொண்டே மருத்துவரானார். துணை செய்வோரையும் மருத்துவத்தின் உறுப்பாகவே வள்ளுவம் கொண்டமை இங்கு நினைக்கத்தக்கது. பிராண்டின் அழைப்பும் உடனுழைத்தோரின் கைகளும் இல்லையெனில், அவரது நம்பிக்கை அறுவைக் கூடம்வரை வந்திருத்தல் அரிது. அருளைத் தனிமனித அனுபவமாக மட்டும் உரைக்கும் வரலாறுகள் இக்கூறினைத் தவறவிடுகின்றன.

முடிவுரை

நாவுக்கரசர் வரலாற்றில் பிணி நீங்கியபின் பணி தொடங்குகிறது. மேரி வர்கீசின் வரலாற்றில் பிணி நீங்காமலே பணி தொடங்குகிறது. இரண்டும் இறைநம்பிக்கையின் வரலாறுகளே. இரண்டாம் வகையைக் குறிக்கத் தமிழ்ச் சமய உரைநடையில் தனிச்சொல் நிலைபெறவில்லை. குணம் என்பது உடல் பழைய நிலைக்கு மீள்வதைச் சுட்டுமாயின், அவர் குணமடைந்தார் அல்லர். நலம் என்பது இருக்கும் உடலோடு பிறர்க்குப் பயன்பட்டு அமைதியுற வாழ்வதைச் சுட்டுமாயின், அவர் நலமடைந்தார். உடற்குறையை நம்பிக்கைக் குறைவின் அடையாளமாகக் கொள்ளும் போக்கு இன்றும் நிலவுவதால், இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. நோய் தீராதோரின் சமய அனுபவத்தைப் பதிவுசெய்த தமிழ் நூல்களை இந்நோக்கில் தொகுத்து ஆராய்தல் அடுத்த பணியாகும்.