ஆன் சல்லிவன் அம்மையார்

ஹெலன் கெல்லரை அறியாதார் இலர். அவரை ஆளாக்கிய ஆசிரியையின் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

ஆன் சல்லிவன் அம்மையார் 1866ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே கண்நோயால் பார்வை மங்கியது; தாயும் மறைந்தார். 1876இல் தம்பியுடன் ஏழையர் விடுதியில் சேர்க்கப்பட்டார். சில திங்களில் தம்பியும் இறந்தான். 1880இல் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 14, எழுத்தறியாதவர், முன்கோபமும் மிகுதி. ஆயினும் சில ஆசிரியர்கள் அவரைக் கைவிடவில்லை. அறுவை மருத்துவத்தால் பார்வை ஓரளவு மீண்டது. 1886இல் தம் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறினார்.

1887 மார்ச் 3ஆம் நாள் அலபாமா மாநிலத்து டஸ்கம்பியாவுக்கு ஹெலனின் ஆசிரியையாக வந்தார். பத்தொன்பதாம் திங்களில் நோயுற்றுக் கண்ணும் செவியும் இழந்த ஹெலனுக்கு அப்போது வயது ஆறு. எல்லார் தட்டிலும் கையிட்டு உண்பாள். தடுத்தால் உதைப்பாள், கிள்ளுவாள். ஆசிரியையையே அறையில் பூட்டிச் சாவியை ஒளித்தாள். பெற்றோர் இரக்கத்தால் எதற்கும் இணங்கினர். கூச்சலிட்டால் வேண்டியது கிடைக்கும் என்பதையே குழந்தை கற்றது.

அம்மையார் இணங்கவில்லை. ஒருநாள் காலை, உணவறையில் நெடுநேரம் போராடி ஹெலனைக் கரண்டியால் உண்ணச் செய்தார்; பின் தம் அறைக்குச் சென்று அழுதார். பெற்றோர் இசைவுடன், தோட்டத்துச் சிறுவீட்டில் இரு வாரம் குழந்தையுடன் தனித்திருந்தார். அவர் சிலவேளை கையாண்ட அடியும் வன்மையும் இன்று பின்பற்றத்தக்கன அல்ல. சொன்ன சொல் மாறாமை, நாள்தோறும் ஒரே ஒழுங்கு, உள்ளங்கையில் சொற்களை இடையறாது எழுத்துக்கூட்டிக் காட்டல் ஆகியவையே கொள்ளத்தக்கன.

ஏப்ரல் 5ஆம் நாள், சினத்தால் பொம்மையை வீசி உடைத்த ஹெலன் சிறிதும் வருந்தவில்லை. பின்னர் நீர்க்குழாயடியில், ஒரு கையில் நீர் வீழ, மறு கையில் அதன் பெயரை அம்மையார் எழுதினார். பொருள்களுக்குப் பெயருண்டு என்பது குழந்தைக்கு விளங்கிற்று. வீடு திரும்பியதும் உடைந்த துண்டுகளைப் பொருத்த முயன்று கண்ணீர் விட்டாள். தண்டனை தராத வருத்தத்தை மொழி தந்தது.

1904இல் ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெறும்வரை, அம்மையார் அருகிருந்து பாடங்களைக் கையில் எழுதினார். 1936 அக்டோபர் 20இல் மறைந்தார்.

குழந்தையின் முரட்டுத்தனம் பல வேளை சொல்ல இயலாத சொல்லே. பெற்றோர்களே, அதனை அடக்குமுன், அது கேட்பது யாதென அறிந்து, கேட்கும் வழியைக் கற்பியுங்கள்.