கானகம் கற்ற கார்பெட்

தில்லியிலிருந்து ராம்நகர் வழியாகக் கார்பெட் தேசியப் பூங்காவுக்குச் சென்று மீளும் நம்மவருள் பலர், புலியைக் காணவில்லையே என்று வருந்துவதுண்டு. அப்பூங்கா யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அவருடைய வரலாற்றை அறிந்தால் அவ்வருத்தம் ஓரளவு குறையும்.

ஜிம் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் நைனிதாலில் பிறந்தார். அவ்வூரின் அஞ்சலதிகாரியாயிருந்த தந்தையார், மைந்தரின் இளமையிலேயே காலமானார். குளிர்காலத்தில் குடும்பத்தார் மலையடிவாரத்துக் காலாதுங்கியில் தங்குவர். அங்கிருந்த காடே சிறுவருக்குப் பள்ளியாயிற்று. பறவைகளின் குரலையும் விலங்குகளின் அடிச்சுவட்டையும் அங்கே கற்றார். பின்னர் ரயில்வேயிற் சேர்ந்து, பீகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமா துறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சரக்கு மாற்றும் பணியை நடத்தினார்.

நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 உயிர்களைக் கவர்ந்ததாகச் சொல்லப்பட்ட சம்பாவத்துப் பெண்புலியை அவர் 1907-இல் வீழ்த்தினார். புறப்படுமுன், அரசாங்கம் அறிவித்திருந்த வெகுமதியை நீக்கவேண்டும், பிற வேட்டைக்காரரைத் திரும்ப அழைக்கவேண்டும் என்று இரு நிபந்தனைகள் விதித்தார். பணத்துக்காகச் சுடுபவர் என்னும் பெயரை அவர் விரும்பவில்லை. மாண்ட புலியின் வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. அது என்றோ பட்ட துப்பாக்கிக் குண்டின் விளைவு. இயற்கையான இரையைக் கொல்லமாட்டாத நிலையே அதனை மனிதர்மீது திருப்பிற்று என்று அவர் உணர்ந்தார். மனிதன் செய்த தீங்கே மனிதனைத் தேடி வந்தது. 1926-இல் ருத்ரப்பிரயாகையில் 125 பேரைக் கொன்ற சிறுத்தையையும் அவரே வீழ்த்தினார்.

நாளடைவில் அவர் கை துப்பாக்கியைவிடக் காமிராவையே மிகுதியும் நாடிற்று. புலிகளைச் சலனப் படமாக எடுத்தார். காடுகள் அழிவதையும் புலிகள் குறைவதையும் எடுத்துரைத்தார். 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா, மாகாணத்தின் முன்னாள் ஆளுநர் ஹெய்லியின் பெயரால் அமைந்தபோது, அதற்குத் துணைநின்றவருள் அவரும் ஒருவர். குமாவுன் ஆட்கொல்லிகளைப் பற்றிய அவரது நூல் 1944-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. 1947-இல் தமக்கை மாகியுடன் கென்யா சென்று, 1955 ஏப்ரல் 19-இல் நியெரியில் மறைந்தார். அதன்பின் பூங்கா அவர் பெயரைப் பெற்றது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பெற்றதும் அங்கேதான்.

கார்பெட் புலியைக் கண்ணால் தேடுமுன் செவியால் தேடினார். மரத்தின்மேல் மந்தி கூவுவதும், புள்ளிமான் வெருண்டு குரலெழுப்புவதும் புலியின் வரவை அவருக்கு அறிவித்தன. ஈரமணலிற் பதிந்த சுவடு, அது சென்ற திசையைக் காட்டிற்று. பூங்காவுக்குச் செல்லும் நாமும் நம் சிறுவர்களுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுத்து, சற்றே வாய்மூடி அமர்ந்திருப்போமாக. புலி வாராதொழியினும், அவர் கற்ற பாடத்தில் ஓரிரு வரிகளையேனும் நாம் படித்து வந்தவராவோம்.