சோழகங்கம் சொல்லும் கணக்கு

ஆட்சியாளரை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? பொருளியல் கற்பித்த எனக்கு முதலாம் இராசேந்திரனின் வாழ்க்கை ஒரு விடை தருகிறது.

1012-இல் தந்தை இராசராசனுடன் இணையரசனாகி, 1014 முதல் 1044 வரை ஆண்டவன் அவன். ஈழம், கங்கைக்கரை, 1025-இல் கடல்கடந்து கடாரம் என அவன் வெற்றிகளையே பாடநூல்கள் அடுக்குகின்றன. கடாரப் படையெடுப்புக்குச் சீன வணிகத்தின் கடல்வழியும் ஒரு காரணம் என்பர் ஆய்வாளர் பலர். ஆயினும் போரில் வந்த பொருள் ஒருமுறை வரவுதான். தோற்ற நாட்டு மக்களுக்கோ அது இழப்பு.

கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய அவன், அங்கே சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்தான். கங்கை வெற்றியின் நினைவாக எழுப்பிய நீர்த்தூண் என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு அதனைப் போற்றுகிறது. கல்தூண் புகழை மட்டும் தாங்கியிருக்கும். ஏரியோ ஆண்டுதோறும் விளைச்சல் தரும் மூலதனம்.

1279-ஓடு சோழராட்சி முடிந்தது. அரண்மனை இன்று மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாகக் கிடக்கிறது. பெரிய கோயில் நிற்கிறது. ஏரியும் பொன்னேரி என்ற பெயரில் இருக்கிறது.

அரசுகளின் வளர்ச்சி விழுக்காட்டையும் புதிய அறிவிப்புகளையும் எடைபோடும் நாம், இருக்கும் ஏரிகளைத் தூர்வார ஒதுக்கிய தொகை எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.