கற்சுவர்களுக்குள் முப்பது நாட்கள்

வீட்டில் ஒரு துன்பம் வந்தால் நீங்கள் தாங்கிக்கொள்கிறீர்கள். இரண்டாவது வரும்போது செபமாலையைக் கையில் எடுக்கிறீர்கள். மூன்றாவதும் நான்காவதும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தால்? கடன்காரர் வாசலில், நோயாளி கட்டிலில், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே பயம். அந்த வேளையில் ஒருவர் வந்து, ஆண்டவரை நம்பியிருங்கள் என்று சொன்னால், சொன்னவர்மேல் கோபங்கூட வரும். அப்படியான நாட்களை ஒன்றல்ல, ஆண்டுக்கணக்காகக் கண்ட ஒரு குடும்பத்தாயைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகின்றோம்.

அவர் புனித எலிசபெத் ஆன் சீற்றன். கறுப்புத் தலையணியும் கறுப்பு உடையும் அணிந்த ஒரு சபைத் தாயாகவே படங்களில் அவரைப் பார்த்திருப்பீர்கள். அந்த உடை கன்னியர் மடத்தில் தோன்றியதல்ல. இத்தாலியில் கணவரைப் பறிகொடுத்த நாளில் அவர் உடுத்திய கைம்பெண்ணின் துக்க உடையே பின்னர் அவருடைய சபையின் உடையாயிற்று.

1774ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி நியூயோர்க் நகரிலே ஓர் அங்கிலிக்கன் குடும்பத்தில் அவர் பிறந்தார். மூன்று வயது நிறையுமுன் தாயை இழந்தார். தந்தை றிச்சட் பெய்லி பேர்பெற்ற வைத்தியர். வீட்டில் தங்கிய நேரம் குறைவு. சிற்றன்னையின் அன்பும் நிலைக்கவில்லை. ஆனாலும் 19ஆவது வயதில், 1794 சனவரியில், வில்லியம் சீற்றன் என்னும் இளம் வணிகரை மணந்தபோது அவருக்கு எல்லாமே கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. அன்புள்ள கணவர், கப்பல்கள் ஓடும் வியாபாரம், நல்ல வீடு. ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். 1797இல் நகரத்துப் பெண்கள் சிலர் கூடி, சிறு பிள்ளைகளுடன் வறுமைப்பட்ட கைம்பெண்களுக்கு உதவ ஒரு சங்கம் அமைத்தபோது, அதன் பணத்தைப் பொறுப்பாக வைத்திருந்தவரும் இவரே. தாமே அத்தகைய கைம்பெண்ணாக ஆறே ஆண்டுகள் இருந்தன என்பதை அன்று யார் அறிவார்?

1798இல் மாமனார் இறந்தார். தாயுமில்லாத கணவரின் இளைய சகோதரர்களை வளர்க்கும் பொறுப்பு 23 வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்ட காலம் அது. கப்பல்கள் பறிபோயின, வரவேண்டிய பணம் வரவில்லை. பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, இரவில் கணவரின் கணக்குக் கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தார் எலிசபெத். 1800ஆம் ஆண்டின் முடிவில் வியாபாரம் முறிந்தது. கடன்காரருக்காக வீட்டுப் பொருட்களைப் பட்டியலிட வேண்டியிருந்தது. பிள்ளைகளின் உடுப்புகள் வரை அந்தப் பட்டியலில் ஏறின.

மறு ஆண்டு கோடைகாலத்தில் நடந்த ஒன்றைச் சற்று நின்று சொல்லவேண்டும். தந்தையார் நியூயோர்க் துறைமுகத்தின் சுகாதார அதிகாரியாக இருந்தார். கப்பலில் வந்த அயர்லாந்து நாட்டு ஏழைகள் ஸ்ரற்றன் தீவிலே காய்ச்சலால் செத்துக்கொண்டிருந்தார்கள். எலிசபெத் அப்போது தந்தையுடன் அங்கே தங்கியிருந்தார். பால் வற்றிய தாய்மாரின் மார்பில் குழந்தைகள் சாவதைக் கண்டு, தம் கைக்குழந்தை கதரினுக்கு ஊட்டும் பாலை அவர்களுக்கும் ஊட்ட விரும்பினார். தந்தை விடவில்லை. சில நாட்களுக்குள் அந்தக் காய்ச்சல் தந்தையையே பிடித்தது. மகள் என்ன செய்தார் தெரியுமா? குழந்தை கதரினை இரு கைகளிலும் வானத்தை நோக்கித் தூக்கி, இவளை எடுத்துக்கொண்டு தந்தையை விட்டுவிடும்படி ஆண்டவரிடம் மன்றாடினார்.

வாசகரே, இதைக் கேட்டு முகம் சுளிக்கவேண்டாம். நாமும் இப்படிப் பேரம் பேசியிருக்கிறோம். இதைத் தா, அதைத் தருகிறேன் என்று எத்தனை நேர்த்திக்கடன் வைத்திருக்கிறோம்! ஆண்டவர் அந்தப் பேரத்துக்கு இணங்கவில்லை. 1801 ஓகஸ்டில் தந்தை இறந்தார். குழந்தை பிழைத்தது.

அடுத்ததாக வில்லியத்தைக் காசநோய் பிடித்தது. வெப்பமான நாட்டுக்குக் கடற்பயணம் போனால் சுகம் வரலாம் என்று நம்பினார்கள். இத்தாலியின் லிவோர்னோ நகரில் பிலிக்கி என்னும் வணிகச் சகோதரர்கள் அவருடைய நண்பர்கள். 1803 ஒக்ரோபர் 2ஆம் திகதி, மற்ற நான்கு பிள்ளைகளையும் உறவினரிடம் விட்டுவிட்டு, எட்டு வயது மூத்த மகள் அன்னா மரியாவை மட்டும் கூட்டிக்கொண்டு கணவனும் மனைவியும் கப்பலேறினார்கள்.

ஏறக்குறைய ஏழு வாரங்களின் பின் லிவோர்னோ தெரிந்தது. ஆனால் அவர்களைக் கரைக்கு விடவில்லை. நியூயோர்க்கில் மஞ்சட்காய்ச்சல் பரவியிருந்த செய்தி அங்கே எட்டியிருந்தது. நோயாளியோடு வந்த குடும்பத்தை நகரத்துக்குள் எப்படி விடுவார்கள்? எலிசபெத்தின் தம்பி ஒருவர் பிலிக்கி வீட்டில் வேலை செய்தார். அவர் வந்து நின்றும் அக்காவைத் தொடமுடியவில்லை. கடலோரத்திலிருந்த லசரேத்தோ என்னும் நோய்த்தடுப்பு நிலையத்துக்கு மூவரையும் கொண்டுபோனார்கள். துறைமுகத்தில் மற்றவர்களைத் தடுத்துவைத்த அதிகாரியின் மகள், மற்றொரு துறைமுகத்தில் தடுத்துவைக்கப்பட்டார். 2020இல் தனிமைப்படுத்தல் நிலையங்களில் இரண்டு வாரம் இருந்துவந்த நம்மவருக்கு, அந்தக் கதவு சாத்தும் ஓசை எப்படியிருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

கற்சுவர்கள், செங்கல் தரை, உயரத்தில் சன்னல், வெளியே இரவும் பகலும் அலைகளின் இரைச்சல். குளிர்காலம். ஈரம் சுவரில் ஊறியது. வில்லியம் இருமி இருமி இரத்தம் கக்கினார். முதல் நாளே எலிசபெத் ஒரு சிறு அறைக்குள் ஒதுங்கி, முழங்காலில் நின்று, தரை நனைய அழுதார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவரின் அருகே வந்து அமர்ந்தார்.

இந்த இடத்தில்தான் அவரைப் புரிந்துகொள்ளலாம் என்று எமக்குத் தோன்றுகின்றது. அழாதவர் அல்லர் அவர். அழுத பின் எழும்பியவர். எழும்பி என்ன செய்தார்? பெரிதாக ஒன்றுமில்லை. கணவருக்குக் கஞ்சி, மருந்து. வேளை தவறாமல் வேதாகம வாசிப்பு, செபம். குளிரில் நடுங்கிய சிறுமி உடல் சூடேறக் கயிறு அடித்துத் துள்ளினாள். பிலிக்கி குடும்பத்தார் கட்டிலும் உணவும், துணைக்கு ஒரு முதிய வேலையாளும் அனுப்பினார்கள். ஊரிலிருந்த நாத்தனார் றெபேக்காவுக்காக எலிசபெத் நாள்தோறும் நடந்ததை எழுதிவைத்தார். இம்முறை பேரம் பேசியதாக அந்தக் குறிப்பில் காணவில்லை. எங்கே இருக்கிறோமோ அங்கே ஆண்டவரும் இருக்கிறார் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டார். முன்பு வியாபாரத்தைத் தவிர வேறு நினைவில்லாதிருந்த வில்லியம், அந்த அறையில்தான் மனைவியோடு சேர்ந்து செபிக்கப் பழகினார்.

டிசம்பர் 19ஆம் திகதி கதவு திறந்தது. பீசா நகருக்குக் கொண்டுபோனார்கள். நத்தார் கழிந்து இரண்டாம் நாள், 27ஆம் திகதி காலையில் வில்லியம் இறந்தார். தொற்றுநோய்க்குப் பயந்து மற்றவர்கள் விலகி நிற்க, ஒரு சலவைக்காரப் பெண்ணின் துணையோடு எலிசபெத் தாமே கணவரின் உடலைக் கழுவி உடுத்தினார். மறுநாள் லிவோர்னோவின் ஆங்கிலேயர் சேமக்காலையில் அடக்கம். அவருக்கு வயது 29.

அந்தத் துக்க வீட்டுக்குள்தான் எம் திருமறை அவரைத் தேடி வந்தது. தர்க்கத்தால் அல்ல. அந்தோனியோ பிலிக்கியும் அவர் மனைவி அமாபிலியாவும் அந்நிய நாட்டுக் கைம்பெண்ணையும் பிள்ளையையும் சொந்தச் சகோதரியாக ஏற்றுப் பராமரித்தார்கள். திருப்பலிக்குக் கூட்டிப்போனார்கள். தபசு காலத்தில் அமாபிலியா ஒருசந்தி இருப்பதை எலிசபெத் கவனித்தார். நற்கருணையிலே ஆண்டவர் மெய்யாகவே இருக்கிறார் என்று இவர்கள் நம்புகிறார்களே, அது உண்மையானால் எத்துணைப் பேறு என்று அவர் உள்ளம் ஏங்கியது. சன்னலுக்குக் கீழே தெருவில் திவ்விய நற்கருணையைக் கொண்டுபோனபோது, தம்மை அறியாமலே முழங்காலில் விழுந்தார். மூன்று வயதாகுமுன் தாயை இழந்த அவர், தேவமாதாவை நோக்கிய செபமொன்றை அமாபிலியாவின் செபப்புத்தகத்தில் கண்டு, தமக்கு ஒரு தாய் கிடைத்தாள் என்று அழுதார்.

துன்பம் அத்தோடு முடிந்ததென்று நினைக்கிறீர்களா? 1804 யூனில் நியூயோர்க் திரும்பினார். அடுத்த மாதமே அன்பு நாத்தனார் றெபேக்கா இறந்தார். அங்கிலிக்கன் போதகர் ஹோபார்ட் ஒரு பக்கம், பிலிக்கியின் கடிதங்கள் மறு பக்கம். பல மாதங்கள் அவர் இரண்டுக்கும் நடுவில் நின்று தவித்தார். அங்கிலிக்கன் ஆலயத்தில் அமர்ந்திருந்தபடியே, அடுத்த தெருவிலிருந்த கத்தோலிக்க ஆலயத்தின் நற்கருணையோடு மனத்தால் பேசிக்கொண்டிருந்தாராம். 1805 மார்ச் 14ஆம் திகதி புனித இராயப்பர் ஆலயத்தில் திருச்சபையோடு சேர்ந்தார். மங்கள வார்த்தைத் திருநாளில் முதன்முறை நற்கருணை பெற்றார்.

அன்றைய நியூயோர்க்கில் கத்தோலிக்கர் என்றால் ஏழை அயர்லாந்துக் கூலிக்காரர். உறவினர் பலர் முகம் திருப்பினார்கள். செல்வம் படைத்த ஞானத்தாய் தம் மரண சாதனத்திலிருந்து அவர் பெயரை நீக்கினார். பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கி நிலைக்கவில்லை. மாணவருக்கு உணவும் உறைவிடமும் கொடுத்துப் பிழைத்தார். இளைய நாத்தனார் செசீலியாவும் திருமறையில் சேர்ந்தபோது பழி முழுவதும் இவர்மேல் வந்தது. மூன்று ஆண்டுகள் இப்படி.

1808இல் டுபூர் என்னும் குருவானவரின் அழைப்பை ஏற்றுப் போல்ற்றிமோர் சென்றார். மறு ஆண்டு எமிட்ஸ்பேர்க் என்னும் மலையோரக் கிராமத்தில் சில பெண்களோடு புனித சூசையப்பரின் பிறர்அன்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். பின்னர் புனித வின்சென்ற் டி போலின் ஒழுங்கைத் தழுவினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பிலடெல்பியாவிலும் நியூயோர்க்கிலும் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் என்று அது வளர்ந்த வரலாற்றை வேறு நூல்களில் படிக்கலாம். ஒன்றை மட்டும் சொல்வோம்: சபைத் தாயான பிறகும் தம் ஐந்து பிள்ளைகளின் தாயென்ற கடமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. அதிமேற்றிராணியார் ஜோன் கரோலும் அதை ஒப்புக்கொண்டார்.

அந்தத் தாய்மைதான் அவரை மிகவும் வருத்தியது. லசரேத்தோவில் கயிறு அடித்த அன்னா மரியா, 16 வயதில், மரணப் படுக்கையிலேயே சபை வார்த்தைப்பாடு கொடுத்து, 1812 மார்ச்சில் காசநோயால் இறந்தாள். அடுத்த மூன்று மாதம் அறிவே தடுமாறிவிடுமோ என்று தாய் அஞ்சினார். புனிதர்தானே, ஆறுதல் உடனே இறங்கியிருக்கும் என்று எண்ணாதீர்கள். இறங்கவில்லை. மணி அடித்தால் கோவிலுக்குப் போனார், பிள்ளைகளுக்குப் படிப்பித்தார், நோயாளரைப் பார்த்தார். புரூத்தே என்னும் குருவானவர் பொறுமையோடு அருகில் நின்றார். 1816இல் கடைக்குட்டி றெபேக்கா, பனிக்கட்டியில் விழுந்த காயம் முற்றி, பல வாரங்கள் தாயின் மடியிலேயே வேதனைப்பட்டு, 14 வயதில் கண்மூடினாள்.

ஆண்பிள்ளைகள் இருவரும் வேறு வகைக் கவலை. லிவோர்னோவில் பிலிக்கியிடம் தொழில் பழக அனுப்பினார், ஒருவரும் தேறவில்லை. வில்லியம் கடற்படையில் சேர்ந்தார். றிச்சட் கடனோடு திரும்பினார். கடிதம் வராதா என்று வழி பார்த்திருக்கும் தாய்மாருக்கு அந்த நாட்கள் விளங்கும்.

1821 சனவரி 4ஆம் திகதி, 46 வயதில், அவரும் அதே நோயால் இறந்தார். மகன்கள் திருந்துவதை அவர் காணவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் றிச்சட், ஆபிரிக்காவின் லைபீரியாவில் நோயுற்றிருந்த ஒருவரைப் பராமரிக்கப்போய், அந்தக் காய்ச்சலால் கடலிலே இறந்தார். வில்லியத்தின் மகன் ஒருவர் குருவாகி, பின்னர் அதிமேற்றிராணியார் ஆனார். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1975 செப்டெம்பர் 14ஆம் திகதி எலிசபெத் அம்மையாருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஐக்கிய அமெரிக்காவில் பிறந்தவர்களுள் முதற் புனிதர் அவரே.

அவர் இறந்தபோது கட்டிலருகே இருந்த ஒரே பிள்ளை கதரின். 1801இல் தாய் இரு கைகளிலும் வானத்தை நோக்கித் தூக்கிய அதே குழந்தை. அவர் நியூயோர்க்கில் இரக்கத்தின் கன்னியர் சபையில் சேர்ந்து, பல பத்தாண்டுகள் சிறைக்கூடங்களுக்குப் போய்க் கைதிகளுக்கு ஆறுதல் சொல்லி வந்தார். 1891 ஏப்ரலில் அவர் இறக்கும்போது வயது 90.